எலிஃபெண்டா தீவில் நான் கூப்பிட்ட பெயர்

கல்யாணமான புதிதில், பம்பாய் மாட்டுங்காவிலிருந்து நானும் என் கணவரும் மாமியாரும் எலிஃபெண்டா தீவைச் சுற்றிப் பார்க்கப் போனோம். குகைகளைப் பார்த்துவிட்டுக் கரைக்கு இறங்கிய பிறகுதான், குடையை மேலேயே வைத்துவிட்டது மாமியாருக்கு ஞாபகம் வந்தது. எடுத்துவர என் கணவர் திரும்பி ஏறினார்.

கடைசி லாஞ்ச் படகு கிளம்பும் நேரம். அவரைக் காணோம். படகுக்காரர் "ஜல்தி! ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார்.

"ஏன்னா! ஏன்னா!" என்று கத்தினேன். லாஞ்சில் இருந்த மாட்டுங்காத் தமிழ் ஆண்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். மாமியார் "அம்பீ!" என்றார். அதற்கும் இரண்டு பேர் திரும்பினார்கள்.

"நீங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோம்மா."

"நான் எப்படிடீ சொல்வேன்? என் மாமனார் பேரைன்னா அவனுக்கு வெச்சிருக்கு!"

கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். மலைப்பாதை இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "வைத்தியநாதன்!" என்று அலறினேன்.

"இதோ வரேன்!" என்று புதர்களுக்குள்ளிருந்து பதில் வந்தது. வழி தவறி நின்றவர், குரல் வந்த திசையில் குடையோடு ஓடிவந்தார்.

"'ஏன்னா'ன்னு கேட்டுது. வேற யாரோ மாமின்னு இருந்துட்டேன்."

மாமியார் என்ன சொல்வாரோ என்று லாஞ்சில் அவர் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தேன். அவர் குடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நல்ல பேர்டீ" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பழையபடி 'ஏன்னா' என்றே கூப்பிட்டேன். ஆனால், மாமியார் கோயிலுக்குப் போயிருக்கும் நேரங்களில் மட்டும், எத்தனை முறை 'ஏன்னா' என்றாலும் என் கணவருக்குக் காது கேட்பதில்லை.