உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

நாகேந்திரம் ஓய்வுபெற்றபோது கப்பல் கம்பனிக்காரர் ஒரு சுவர் மணிக்கூட்டையும் கேக் துண்டையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆயுள் முழுக்கத் துறைமுகப் பத்திரங்களோடு மாரடித்த மனிதருக்கு வெள்ளவத்தை ஃப்ளாட்டில் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. சந்தைக்குப் போனால் முற்றின வெண்டிக்காயோடு வந்தார். குசினிக்குள் உதவப் போனால் மனைவி சுபோதினி, "நீங்கள் ஹோலில இருங்கோ, அதுவே பெரிய உதவி" என்றாள். ஹோலில் இருந்தவர் இன்டர்நெட்டில் டொரன்ட் பழகிக்கொண்டார்.

உலகத்தில் யார் யாரோ தங்கள் கொம்பியூட்டரில் வைத்திருக்கும் பழைய படத்தைத் துண்டு துண்டாக இழுத்தெடுக்க வேண்டும். தன்னிடம் வந்த துண்டுகளை மற்றவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். எடுத்துக்கொண்டு ஓடுகிறவனை அந்த உலகத்தில் ஒருவரும் மதிப்பதில்லை. நாகேந்திரம் கொடுத்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறவரைப்போல, கணக்குப் பார்க்காமல் கொடுத்தார். "வெள்ளவத்தை அண்ணை இருக்கும்வரை ஒரு படமும் சாகாது" என்று ஒஸ்லோவிலிருந்து முகம் தெரியாத பொடியன் ஒருவன் எழுதினான். கந்தோரில் அவரை ஒருவரும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை. அந்தக் கிளாக்கர் என்றுதான் சொல்வார்கள்.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறிய சுபோதினி, சனிக்கிழமை பின்னேரங்களில் கனடாவிலுள்ள பிள்ளைகளுக்கு ஒன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஒரு மணித்தியாலம்தான் அவள் இன்னும் ரீச்சர். மற்ற நேரமெல்லாம் மிஸிஸ் நாகேந்திரம். சரியாக அந்த நேரம் பார்த்து இன்டர்நெட் தரும் ரவுட்டர் பெட்டி செயலிழந்து விழுந்துவிடும். அதன் விளக்கெல்லாம் அணைந்து, யோசித்து, திரும்ப எழும்புவதற்குள் அங்கே பிள்ளைகள் விளையாடப் போய்விடுவார்கள்.

காரணம் நாகேந்திரத்துக்குத் தெரியும். டொரன்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேரோடு இணையலாம் என்ற இடத்தில் அவர் உச்சத்தைப் போட்டிருந்தார். கூடக் கூட நல்லது என்பது தேத்தண்ணிக்குச் சீனி போடுவதிலும் அவருடைய கொள்கை. வகுப்பும் சேர்ந்துகொண்டால், அத்தனை பேருக்கும் பதில் சொல்லி மாளாமல் அந்தச் சின்னப் பெட்டி மூச்சடைத்து விழுந்தது. "குறைச்சு விடுங்கோ அண்ணை" என்று ஒஸ்லோக்காரனும் சொல்லிப் பார்த்தான். குறைத்தால் கொடுப்பது குறையும், அண்ணைப் பட்டம் போய்விடும்.

"கடலுக்குக் கிட்ட இருக்கிறம், சுபோ," என்றார். "உப்புக்காத்து. இரும்புக் கேற்றையே தின்னுது, இந்தப் பிளாஸ்ரிக் பெட்டியை விடுமே?"

அவள் நம்பினாள். வெள்ளவத்தையில் பூட்டு இறுகினாலும் ஃபான் கத்தினாலும் தலைமயிர் கொட்டினாலும் உப்புக்காற்றுத்தான். சோற்றுப் பார்சல் கட்டும் லஞ்ச் சீற்றை எடுத்து ரவுட்டரைச் சுற்றி, றப்பர் பாண்டும் போட்டாள். இப்போது அது வெந்து, முன்பைவிட வேகமாக விழுந்தது.

"இந்தக் கிழமை காத்துக் கடுமை," என்றார் நாகேந்திரம்.

பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட தாய்மாரில் மூத்தவளான மயூரி ஸ்கார்பரோவிலிருந்து கோல் எடுத்தாள். "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வாயைத் திறந்தபடி அப்பிடியே உறைஞ்சு நிக்கிறதைப் பார்த்துப் பிள்ளையள் சிரிக்குதுகள். இனியும் கட்டாச்சுதெண்டா இஞ்ச ஒராள் படிப்பிக்கிறா, அவவிட்ட விடப்போறம். எல்லாத் தாய்மாரும் அதைத்தான் சொல்லினம்."

சுபோதினி போனை வைத்துவிட்டு, கழுவின சோற்றுப்பானையைத் திரும்பக் கழுவினாள். நாகேந்திரத்துக்கு மனம் கொஞ்சம் உறுத்தியது. வாற சனிக்கிழமை கொம்பியூட்டரை நிற்பாட்டத்தான் வேண்டும் என்று தீர்மானித்தார். ஆனால் அந்தச் சனிக்கிழமை, அவர் மாதக்கணக்காகத் தேடிய படத்தை வைத்திருந்த ஒரே மனிதர், வேறொரு நோர்வேக்காரர், ஒன்லைனுக்கு வந்துவிட்டார். அவர் திரும்ப எப்போது வருவாரோ? கடவுளே வாசலில் வந்து நிற்கும்போது கதவைச் சாத்தலாமா?

வகுப்புத் தொடங்கி, வணக்கம் சொல்லி முடிவதற்குள் ரவுட்டர் விழுந்தது. சுபோதினி மடிக்கணினியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மேல்மாடி நஸீறா வீட்டுக்கு ஓடினாள். மிச்ச வகுப்பு அங்கே நடந்தது. "எங்கட வைஃபை ஒருநாளும் போறல்லயே டீச்சர்," என்றாளாம் நஸீறா.

திரும்பி வந்தவள் புருஷனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"நஸீறா வீட்டு ரவுட்டர் ஜன்னல்கட்டில இருக்கு. கடல் அப்பிடியே தெரியுது அதுக்கு."

"ஆ?"

"லஞ்ச் சீற்றும் இல்லை."

"அது வேற கம்பனியாக்கும்."

"அதே கம்பனி." திரையில் ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தாள். "இதென்னப்பா?"

"ஒரு பழைய படம். நோர்வேயில இருந்து வருது."

"நோர்வேயில இருந்து படம் வர வழியிருக்கு. கனடாவுக்கு நான் கதைக்க வழியில்லை."

"நான் எனக்கு மட்டும் எடுக்கேல்லை, சுபோ. குடுக்கிறனான். ஆக்கள் என்னை நம்பியிருக்கினம்."

"நானும்தான் நம்பினனான். உப்புக்காத்தெண்டு." எழும்பினாள். "மயூரியிட்டக் கெஞ்சி இன்னும் ஒரு கிழமை வாங்கியிருக்கிறன். சனிக்கிழமை பின்னேரம் இந்த மெஷினின்ர பிளக் உங்கட கையில இருக்கோணும்."

அடுத்த சனிக்கிழமை கொம்பியூட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, லஞ்ச் சீற் உரிக்கப்பட்ட ரவுட்டருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார் நாகேந்திரம். அவருக்கு ஒரேயொரு ஆசைதான். அது ஒருதரம் விழவேண்டும். ஒருதரம் சிமிட்டினாலும் போதும், "பார்த்தீரே?" என்று கேட்டுவிடலாம். காற்றும் அன்றைக்கு அவருடைய கட்சிதான். திரைச்சீலை முகட்டைத் தொட்டது. சுவரிலிருந்த கலண்டர் பறந்து விழுந்தது. அறைக்குள் பிள்ளைகள் மழை, வாழை, கிழவன் என்று கத்தினார்கள். பச்சை விளக்கு அசையவில்லை.

கடைசியில் மயூரியின் குரல் கேட்டது. "இண்டைக்கு வடிவாப் போச்சு, ரீச்சர். வாற கிழமையும் இதே நேரந்தானே?"

"ஓம், இதே நேரந்தான்," என்றாள் சுபோதினி. அந்தக் குரலில் பழைய பள்ளிக்கூடத்து மிடுக்கு இருந்தது.

நாகேந்திரம் ரவுட்டருக்குக் கிட்டக் குனிந்து, அதற்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"துரோகி."