செபஸ்தியம்மாவின் நத்தைகள்

பனிச்சங்கேணியில் தாரா வாத்து வளர்க்கும் செபஸ்தியம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் கல் மனுஷி. வாவியில் மீன் பிடிக்கப் போன புருஷன் பேர்னாட்டின் தோணி மட்டும் கரை ஒதுங்கியது. ஆளும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்றைக்கும் அவள் அழவில்லையாம். அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன, ஊருக்கு வேறு வேலை வெட்டி கிடையாதா?

வருஷா வருஷம் நவம்பரில் மரித்தோர் பூசைக்கு எல்லாரும் தங்கள் செத்தவர்களின் பெயரைக் கொடுப்பார்கள். அவள் கொடுத்ததில்லை. இந்த முறை மகள் டினுஷாவுக்குக் கலியாணம் பேசியிருந்தது. தகப்பன் போய்விட்டாரென்றால் முதலில் அவர் பெயரில் பூசை நடக்கட்டும், பிறகு கலியாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

செபஸ்தியம்மா மண்வெட்டியோடு குளத்துக்குப் போனாள். வெயிலில் வெடித்துக் கிடந்த குளத்தைக் கொத்தினால் நத்தை வரும். தண்ணீர் வற்றும்போதே சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு, தின்னாமல் அசையாமல் மாரி வரும்வரை கிடக்கிற சீவன்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் போட்டாள். ஒவ்வொன்றாய் மூடி திறந்து, குழலை மேலே நீட்டிக் காற்றுக் குடித்தன. அவை தாராக்களுக்குத் தீனி. திறக்காததை அவள் எறியமாட்டாள்.

"அது செத்திட்டும்மா," என்றாள் டினுஷா.

"நாறல்லயே மகள்."

செத்த நத்தை ஊரையே கூட்டும். நாறாத மட்டும் உயிர் இருக்கு என்பது அவள் கணக்கு.

"அப்பாவையும் இப்பிடித்தானே வெச்சிருக்கீங்க! அவர் என்ன நத்தையா, மழைக்குத் திறந்து வாறதுக்கு?" மகள் விம்மினாள். "எனக்கு ஒரு வாழ்க்கை வேணாமா?"

செபஸ்தியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை. யாரோ வீட்டுப் பிள்ளை அழுவது போலிருந்தது.

இரண்டொரு நாளில் மழை பிடித்துக்கொண்டது. வாளியில் ஒன்று மட்டும் இன்னும் திறக்கவில்லை. முகர்ந்து பார்த்தாள், நாற்றமில்லை. அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டு உடைத்தாள். உள்ளே சதை எப்போதோ காய்ந்து சருகாகியிருந்தது. நாறாமலும் சாகலாம் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

நனைந்துகொண்டே கோயிலுக்குப் போனாள். பாதர் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

"பேர்னாட்," என்றாள். "அடுத்தது செபஸ்தியம்மா."

பாதர் நிமிர்ந்தார். "அது உங்கட பேர்தானே அம்மா?"

"ஓம் பாதர். ரெண்டு பேரும் போனது ஒரே நாள்தான்."