திறக்க மறுத்த பூட்டுக்காரர்

பூட்டுக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களைத் திட்டாமல் ஒரு பூட்டையும் திறந்ததில்லை. ஆனால் தொழிலில் ஒரு பிடிவாதம்: உள்ளே ஆள் இருக்கும் வீட்டை, வெளியே நிற்பவர் சொல்லித் திறக்கமாட்டார். உயிருக்கு ஆபத்தென்றால் வேறு. அதனால் கைவிட்டுப் போன வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. "ஏங்க, நியாயம் பேசினா அடுப்பு எரியுமா?" என்று மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார்.

மூன்றாவது மாடியில் குடியிருந்த பெண்ணுக்கு அவர்தான் பூட்டுப் போட்டுக்கொடுத்தார். போருக்குத் தப்பிக் கைக்குழந்தையோடு ஓடிவந்தவள். எந்த நாடும் அவளைத் தன் ஆள் என்று ஒத்துக்கொள்ளவில்லை. இவர் பேசுவது அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது இவருக்குப் புரியாது. அதற்காக விடுவாரா? கதவைத் தட்டிக் காட்டி, "இனிமே நிம்மதியா தூங்கும்மா, எவனும் உள்ள வரமுடியாது" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கதவைத் திறக்கத்தான் போலீஸ் அவரையே கூப்பிட்டது. யார் வீடென்று மாடி ஏறிய பிறகுதான் தெரிந்தது. உள்ளே குழந்தை அழுது, சட்டென்று அடங்கியது. தாய் வாயைப் பொத்தியிருக்க வேண்டும்.

"திறய்யா. முகாமுக்குக் கொண்டுபோக உத்தரவு இருக்கு" என்றார் அதிகாரி.

"உள்ள ஆள் இருக்கு சார். நான் தொடமாட்டேன்."

"அவங்க இந்த நாட்டு ஆளே இல்லய்யா!"

"மனுஷங்கதானே சார்?"

"உன் லைசென்ஸ் போயிடும், பாத்துக்க."

"போகட்டும்."

கடப்பாரை வந்தது. கதவோரம் பிளந்தது. குழந்தையோடு வெளியே வந்தவள், கருவிப்பையும் கையுமாக நின்ற அவரைத்தான் முதலில் பார்த்தாள். அவர் பையைச் சட்டென்று கீழே வைத்தார். நான்தான் திறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாளே, பாவி! இல்லையென்று எந்த மொழியில் சொல்வது?

வேறொன்றும் தோன்றாமல் தரையில் உட்கார்ந்தார். பிளந்த இடத்தில் பலகைத் துண்டை வைத்துத் திருகாணியை இறுக்கி, பையிலிருந்த புதுப் பூட்டைப் பொருத்த ஆரம்பித்தார்.

"யாருக்குய்யா இது? அவங்க இனி எங்க வரப்போறாங்க?"

"அவங்க சாமான் உள்ள இருக்குல்ல சார்."

அதிகாரி என்ன நினைத்தாரோ, தடுக்கவில்லை. பூட்டுக்காரர் கதவைப் பூட்டிச் சாவியை அவள் கையில் வைத்தார். அவள் சாவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அதை அவர் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டுப் படியிறங்கினாள்.

லைசென்ஸ் போகுமென்றபோது அசையாத மனிதர், அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.