ரிலே பெட்டியும் கறுப்பு நூலும்

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வது என்று சொல்வார்கள். எனக்கு அதைச் செய்தவன், என் மச்சான் வீட்டில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

எழுபதுகளில் திருவள்ளூரில் ஒரு கார் ஒர்க்ஷாப்பில் நாங்கள் இருவரும் எலக்ட்ரீஷியன்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் முதலாளி அங்கே இன்னொரு ஒர்க்ஷாப் போட்டார். எங்களில் ஒருவனைப் பொறுப்பாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். போகிறவனுக்கு ஒர்க்ஷாப்புக்குப் பின்னாலேயே ஒரு வீடும் உண்டு. எனக்கு அந்த வீடு வேண்டும். கல்யாணமானதிலிருந்து நானும் மனைவியும் அவள் அண்ணன் வீட்டில்தான் ஒண்டியிருந்தோம். விளக்கைப் போட்டால்கூட முகம் சுளிப்பார்கள். இதையெல்லாம் நான் கொட்டி அழுதது அவனிடம் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில் பழவேற்காட்டு மீன் வியாபாரி ஒருவரின் பழைய கார் வந்தது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கிற ரிலே பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். உப்புக்காற்றில் திருகுகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டு, இதைச் சுத்தமாக முடி, அப்புறம் கும்மிடிப்பூண்டி பற்றிப் பேசலாம் என்றார்.

இறுகிய ரிலேயிடம் முரட்டுத்தனம் செல்லாது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றி, அதன் நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேலை செய்கிறவன் பையில் நட்டு இருந்தால் வேறு எவனும் தெரியாமல் கரண்ட் கொடுக்க முடியாது. திருகுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். நெம்பினால் அடிக்கட்டை உடைந்துவிடும் என்பதால் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மெல்ல மெல்ல வழிக்குக் கொண்டுவந்தேன். எவனோ ஒரு புண்ணியவான் அந்த வண்டி முழுக்க ஒரே தினுசு வயரைப் போட்டிருந்தான். அதனால் கழற்றும்போதே பேட்டரியிலிருந்து வருவதற்குச் சிவப்பு நூல், பாடியில் எர்த்துக்குப் போவதற்குக் கறுப்பு நூல் என்று அடையாளம் வைத்தேன். எங்கள் ஒர்க்ஷாப் வழக்கம் அது. நான் நூலைச் சுற்றி நுனியைச் செருகிவிடுவேன். கூட வேலை செய்கிற அவனோ முடிச்சுப் போடுவான். மண்ணெண்ணெயில் நனைந்த முடிச்சு சனியன், அவிழவே அவிழாது என்று அவனை நான் கிண்டல் செய்ததுண்டு.

பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு நாஷ்டாவுக்குப் போனேன். அவன் பசியில்லை என்று இருந்துகொண்டான்.

வந்து நூலைப் பார்த்து வயர்களை மாட்டினேன். கண் நிறத்தைத்தான் பார்த்தது. முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். நட்டை எடுத்துப் பேட்டரியில் வயரை வைத்ததுதான் தாமதம், பானெட்டுக்குள் புகை. நான் பிடுங்குவதற்குள் வயரெல்லாம் வெந்துபோயிற்று. பேட்டரியிலிருந்து வருகிற வயர் எர்த்தில் இருந்தது. நான் சிவப்பு சுற்றியிருந்த அதன்மேல் இப்போது கறுப்பு நூல். நூலில் இறுக்கமான முடிச்சு.

அவன் பக்கம் திரும்பி, "இது யாரு போட்ட முடிச்சு?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்து, "நான் அத்தத் தொடவே இல்ல மொதலாளி. கட்டுனதும் அவன்தான், மாட்டுனதும் அவன்தான்" என்றான்.

முதலாளிக்கு முடிச்சாவது செருகலாவது. எரிந்த வண்டிதான் தெரிந்தது. அவன் கும்மிடிப்பூண்டிக்குப் போனான், பெண்டாட்டி பிள்ளையோடு. நான் அதே மச்சான் வீட்டுக்குத் திரும்பினேன். என் மனைவி மூட்டை கட்டி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி பரணில் ஏற்றினாள். அந்த ராத்திரி அவன் என் முன்னால் வந்திருந்தால் கையை முறித்திருப்பேன்.

சில மாதம் கழித்து அவனே என்னைத் தேடி வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். அங்கே வேலை மலைபோலக் கிடக்கிறதாம், ஆட்கள் சரியில்லையாம்.

"ஒருத்தனையும் நம்பி ஒயர உட முடியல நைனா. நீ வந்துட்டன்னா நான் கண்ண மூடிக்கினு இருப்பேன்" என்றான்.

அதில் நக்கல் இல்லை, நடிப்பும் இல்லை. மனசாரத்தான் கூப்பிட்டான். என் வேலையில் தப்பில்லை என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? வண்டி எரிந்ததுகூட எனக்கு ஆறிவிட்டது, அவன் அப்படிக் கூப்பிட்டது இன்னும் ஆறவில்லை.