சிவப்புச் சட்டை கேட்ட மாமனார்

என் மனைவி கிகுனோவின் கையில் எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு பெட்டி செய்துவிடுவாள். பெட்டியின் மேல் ஒரு சின்னம், சின்னத்தின் கீழ் ஒரு வாசகம். எங்கள் ஜப்பானிய ஊரான தொயாமாவில் மீன் கடைக்காரர் முதல் பல் வைத்தியர் வரை அவளைத் தேடி வருவார்கள். என்னைக் கட்டிக்கொண்டது ஒன்றுதான் அவள் செய்த கோணல் வேலை என்று மாமனாரே சொல்வார்.

அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது அறுபதாம் ஆண்டு விழாப் பெட்டி. அறுபது முடிந்தால் பிறந்த வருஷமே திரும்பி வருகிறது, மனிதன் மறுபடி குழந்தை ஆகிறான். அதனால் பஞ்சு வைத்துத் தைத்த கையில்லாத சிவப்புச் சட்டையும் தொப்பியும் மாட்டி, நடுவில் உட்காரவைத்து, வீடே சிரித்துப் படம் எடுக்கும். கிகுனோவுக்கு அந்தச் சட்டையைக் கண்டாலே ஆகாது.

"அறுபது வயசுக்காரங்க இப்ப மலை ஏறுறாங்க. அவங்களப் போய் பொம்மை மாதிரி உக்காரவைக்கிறதா?" என்பாள்.

அவள் செய்த பெட்டியில் சட்டையே இல்லை. பதிலுக்கு ஓர் அரக்குக் கிண்ணம், கழுத்துத் துணி, எல்லாவற்றையும் மூட்டை கட்ட ஒரு பெரிய சிவப்புத் துணி. அதில் வெள்ளை எழுத்தில், 'முதுமை இங்கே இல்லை.' பெட்டி விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. வெந்நீர் ஊற்று விடுதிகள்கூட, விருந்தாளிகளுக்கு இரவல் கொடுத்துவந்த பழைய சட்டைகளை ஒழித்துவிட்டு இதை வாங்கி வைத்தன.

இந்த மார்ச்சில் மாமனார் தொகுஜிக்கு அறுபது. பேருந்து ஓட்டுநர், பேச்சு குறைவு. மலையடிவார விடுதி ஒன்றில் அவருக்கும் மாமியாருக்கும் விருந்து வைத்தோம். நண்டும், சிவப்புப் பயறு போட்ட சோறும் வந்தன. கிகுனோ பெட்டியை நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் அடியில் கிடந்த காகிதத்தையும் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. சட்டை?"

"அது வேண்டாம்னுதாம்ப்பா இந்தப் பெட்டியே."

"ஓ. சரி."

கை கழுவப் போகிறேன் என்று எழுந்தவர் திரும்பவில்லை. நானும் கிகுனோவும் தேடிப் போனால், வாசல் மேசையில் விடுதி அம்மாவிடம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லைங்க. ஒரே ஒரு பழைய சட்டை."

"இல்லீங்களே. உங்க பொண்ணு பெட்டி வந்ததும் எல்லாத்தையும் ஒழிச்சுட்டோம்."

கிகுனோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "படம் எடுத்தாலே ஓடுவீங்களேப்பா. அதப் போட்டுக்கிட்டு கோமாளியா நிக்கணுமா?"

"நிக்கணும்" என்றார். "எங்கப்பா போடல. ரெண்டு அண்ணனும் போடல. ஒருத்தரும் அறுபதைப் பார்க்கல. நம்ம வீட்டுல இதுவரைக்கும் யாரையும் நடுவுல உக்காரவச்சுச் சிரிச்சதே இல்லம்மா."

தாத்தாவும் பெரியப்பாக்களும் போய்ச்சேர்ந்தது கிகுனோவுக்குத் தெரியாததா? தெரிந்தும் இப்படி யோசித்ததில்லை, அவ்வளவுதான். விறுவிறுவென்று அறைக்குப் போய்ப் பெட்டியோடு இருந்த சிவப்புத் துணியை உதறினாள். விடுதி அம்மாவிடம் ஊசி, நூல், கத்தரிக்கோல் கேட்டு வாங்கினாள்.

"நல்ல துணியை வெட்டாதே" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க."

கை நுழைய இரண்டு ஓட்டை வெட்டி, தோளில் நாலு தையல் போட்டாள். மகா கோரமான சட்டை. மாட்டிவிட விரித்துப் பிடித்தாள். முதுகுப் பக்கத்து எழுத்தை மாமனார் நிதானமாகப் படித்தார்.

"இதை உள்பக்கமா திருப்பும்மா. எழுத்து வெளிய தெரிய வேணாம்."

"ஏம்ப்பா?"

"எனக்கு வயசாகணும்."

அவள் திருப்பி மாட்டிவிட்டாள். முதலில் சிரித்தது மாமியார். அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. அவர் முழங்காலில் கை வைத்து, நடுவில் அசையாமல் உட்கார்ந்து, நாங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். கிகுனோ மட்டும் படம் எடுக்கிறேன் என்று கேமராவை முகத்தைவிட்டு இறக்கவே இல்லை.