பொழுதுக்குள் வராத ஹெட்மாஸ்டர்

எனக்குப் பதவி ஆசை ரொம்ப உண்டு. ஆனால் பதவியில் உட்கார வேண்டியவள் நானில்லை, என் வீட்டுக்காரர். இதில் ஒரு வசதி இருந்தது. ஆசைப்படுகிற வேலை மட்டும் என்னுடையது, மற்றதெல்லாம் அவர் பாடு. அறுபதுகளின் நடுவில், செஞ்சியில், இந்த ஏற்பாட்டை நான் சில வருஷம் நன்றாகவே நடத்தினேன்.

அவர் அப்போது ஊருக்குள் இருந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். நடந்துபோகிற தூரம். நாலரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். காலைக் கழுவிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாரானால், அன்றைக்கு வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஒம்பது மாங்கா இருக்குது, ரெண்டு பேரு பாதி பாதி எடுத்துக்கினா ஆளுக்கு எவ்ளோடான்னு கேட்டேன். ஒருத்தன் எழுந்து, பெரிய பாதி யாருக்கு சார்ங்கறான்!" இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சோறு புரையேறிவிடும். நான் தலையில் தட்டுவேன். அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடுகிற வழக்கமே கிடையாது. மற்ற ஊர்களில் இது சுலபம், சூரியன் எப்போது போகிறதோ அதுதான் கணக்கு. செஞ்சியில் மேற்கே கோட்டை மலை நிற்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், ஆனால் பொழுது இன்னும் சாய்ந்திருக்காது. வெளிச்சம் இருபது நிமிஷம் அப்படியே நிற்கும். இந்த இருபது நிமிஷத்தில் சாப்பிடலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் தினமும் வழக்கு நடக்கும். மலை மறைத்தால் பொழுது போச்சு என்பது என் மாமியார் கட்சி.

"மலைக்கு அந்தாண்ட சூரியன் இருக்குதும்மா. அங்க இருக்கறவங்களுக்கு வெயிலே அடிக்குது" என்பார் இவர்.

"அப்ப அங்க போயி சாப்புடு" என்பார் மாமியார். அதோடு தீர்ப்பு முடிந்துவிடும்.

என் ஆசைக்கு நெருப்பு வைத்தது ஒரு கல்யாண வீடு. என் தங்கை புருஷனுக்கு அப்போதுதான் ஏதோ சர்க்கார் உத்தியோகம் உயர்ந்திருந்தது. அவர் பந்தலுக்குள் வந்ததும் ஆளாளுக்கு எழுந்தார்கள். "நாற்காலி, நாற்காலி" என்று ஒரே கூச்சல். யார் நாற்காலி கொண்டு வந்தது தெரியுமா? என் வீட்டுக்காரர்! தான் உட்கார்ந்திருந்ததையே தூக்கிக்கொண்டு வந்து, துண்டால் ஒரு தட்டுத் தட்டி, சின்னவருக்குப் போட்டுவிட்டு ஜமக்காளத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அன்றைக்குப் பாயசம் இனித்ததா கசந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தேன். ஆசை கெட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் எழுதாமல் வைத்திருந்த பரீட்சைகளுக்கு, விடியற்காலையில் அவரை எழுப்பி உட்காரவைத்துப் படிக்கவைத்தது என் ஆசைதான். அவர் சத்தமாகப் படிக்க, நான் கோலமாவு டப்பாவும் கையுமாக நின்று கேட்பேன். எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை அவர் வாயால்தான் படித்தேன். அவர் பாஸ் பண்ணினபோது நானே பாஸ் பண்ணினது போல் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். இதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் கொஞ்சம் ஜாஸ்தி. அவலூர்பேட்டை பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் இடம் காலியாகவே கிடக்கிறது என்று காதில் விழுந்தது.

"யாரும் போவாத எடம் அது" என்றார் இவர்.

"அதனாலதாங்க உங்களுக்குக் கெடைக்கும்" என்றேன்.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். என் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும். கொண்டுபோய் நீட்டினேன்.

"இன்னாது இது?"

"கையெழுத்துப் போடுங்க, சொல்றேன்."

போட்டார். சொன்னேன். "ஓ" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த 'ஓ'வை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உத்தரவு வந்துவிட்டது! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹெட்மாஸ்டர் என்றால் கோட்டு வேண்டாமா? டெய்லரை வீட்டுக்கே வரவழைத்து ஒரு கோட்டுக்கு அளவெடுக்கச் சொன்னேன். கோடை வெயிலில் செஞ்சிப் பாறைகள் காய்கிற காய்ச்சலில் அந்த மனிதர் கம்பளித் துணிக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றார். "இத்த போட்டுக்கினு நான் பாடம் நடத்தணுமா, வேர்த்து ஊத்தணுமா?" என்று கேட்டார். டெய்லர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் காலை பஸ்ஸில் அனுப்பிவைத்தேன். சாயங்காலம் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, இலையைத் துடைத்து வைத்தேன். மாமியார் வேளையோடு சாப்பிட்டு எழுந்துவிட்டார். நான் வாசலில் நின்றேன். சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று. இருபது நிமிஷமும் போயிற்று. நன்றாக இருட்டி, தெருவில் விளக்கெல்லாம் போட்ட பிறகு கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இன்னாங்க இவ்ளோ நேரம்?"

"பஸ்ஸு இப்பதான் வருது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ! கோட்டுக்கு அளவெடுத்தேனே, பஸ்ஸுக்கு நேரம் பார்த்தேனா? வருகிற சம்பளம், மரியாதை, கல்யாண வீட்டு நாற்காலி எல்லாம் யோசித்தவள், பொழுதை யோசிக்கவில்லை. சமண வீட்டில் பிறந்து சமண வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தி செய்கிற தப்பா இது?

அவர் குழம்புச் சட்டியை ஒரு பார்வை பார்த்தார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். "பசிக்கல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

"ஹெட்மாஸ்டர் ஆயிட்டா பசிக்காதாடா?" என்றார் மாமியார் உள்ளேயிருந்து.

மறுநாளிலிருந்து இரண்டடுக்கு டிபன் கேரியர் கொடுத்தனுப்பினேன். கீழடுக்கு மத்தியானத்துக்கு, மேலடுக்கு பள்ளிக்கூடம் விட்டதும் சாப்பிட. தினமும் காலியாகத் திரும்பி வந்தது. அப்பாடா, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்துக் கோட்டை அவருக்கு மாட்டிப் பார்த்தால் தோளில் தொங்கிற்று. பிடித்து உலுக்கிக் கேட்டேன்.

"சாயங்காலம் படிக்கறதுக்கு நாலு புள்ளைங்க இருக்குதுங்க. அதுங்க மூஞ்சியப் பாத்துக்கினு நான் மட்டும் எப்டி துண்றது?" என்றார்.

அதற்கப்புறம் எனக்கும் சாயங்காலச் சோறு இறங்கவில்லை. பெரிய பதிவிரதை என்று நினைக்கவேண்டாம். நான் தள்ளிவிட்ட ஆள் பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் எப்படி இலை போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். அவரிடம் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். மாமியாரிடம் அந்தப் பொய் செல்லவில்லை. தெருவிலும் விஷயம் கசிந்தது. எங்கள் ஜனங்களுக்குப் பட்டினி என்றால் நோன்புதானே! "இன்னா நோன்புமா புடிச்சிருக்கற? எத்தினி நாளு?" என்று பெண்டுகள் வந்து விசாரித்தார்கள். கோயிலில் எனக்கு முன்னிடம் விட்டார்கள். ஒரு அம்மாள் என்னைக் கும்பிடக்கூடக் கும்பிட்டுவிட்டார். நான் தவம் கிடந்த மரியாதை இந்த வழியாகவா வரவேண்டும்? வாயைத் திறக்க முடியாமல் தலையை ஆட்டிவைத்தேன்.

பட்டினியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கதை நின்றுபோனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வருவார், தண்ணீர் குடிப்பார், படுத்துக்கொள்வார். யார் என்ன சொன்னான், யார் எங்கே விழுந்தான், ஒரு வார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பகலில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாலும் நினைப்பு எங்கேயோ இருக்கும். நான்தான் அந்த மனிதரைக் கெடுத்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

சரி, ஏற்றிவிட்டவள் நான், இறக்கிவிடவும் எனக்குத் தெரியும் என்று கிளம்பினேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் செஞ்சிக்கு வந்து சர்க்கார் பங்களாவில் தங்கியிருந்தார். மாமியாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், நானே எழுதின மனுவை நீட்டினேன். அவரைப் பழையபடி செஞ்சியில் வெறும் வாத்தியாராகவே போட்டுவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, மேல போடுங்கன்னு வர்றவங்களத்தான் பாத்திருக்கேன். கீழ எறக்குங்கன்னு வர்றது நீங்கதான் மொதல்ல."

"பொழுதோட சாப்புட முடியலீங்க சார்" என்றேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். மலைக்கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். விசாரிக்கிறேன் என்றார். வருகிற வழியெல்லாம் நான் மாமியாரிடம் என் சாமர்த்தியத்தை அளந்துகொண்டே வந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அன்றைக்கும் இருட்டினபிறகுதான் வந்தார். தண்ணீர் சொம்பை நீட்டினேன், வாங்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் எங்க ஸ்கூலுக்கு வந்திருந்தாரு" என்றார். "உங்களுக்குத் திரும்பிப் போவணுமான்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. முழிச்சிக்கினு நின்னேன். அப்புறம்தான் உன் மனுவ எடுத்துக் காட்னாரு."

"உங்களுக்காகத்தாங்க..."

"மேல ஏத்தும்போதும் நீ என்னைக் கேக்கல. கீழ எறக்கும்போதும் கேக்கல. அந்த ஆளு கேட்டாரு. அவரு யாரு எனக்கு?"

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க பட்டினி கெடக்கறத எப்டிங்க பாத்துக்கினு இருக்கறது?"

அவர் கையிலிருந்த கோட்டை ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார்: "நாலே முக்காலுக்கு ஒரு பஸ்ஸு இருக்குது. அதுல ஏறனா பொழுதுக்குள்ள வந்துடலாம். நான்தான் ஏர்றதில்ல."

"இன்னாங்க சொல்றீங்க?"

"அந்த ஊர்ல அஞ்சாவதோட பொட்டப் புள்ளைங்கள நிறுத்திடறாங்க. ஸ்கூல்ல கூப்ட்டா அப்பன்மாருங்க வரமாட்டாங்க. கழனியில இருந்து அவங்க வூட்டுக்கு வர்ற நேரம் பாத்து நான் போறேன். திண்டாட வெக்கறாங்க, ஆனா நான் விடல. நாலு பேரு அனுப்பிட்டாங்க. ஆறாவது படிக்குதுங்க. சாயங்காலம் எங்கிட்ட படிக்கற நாலும் அதுங்கதான்."

"இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, அடுத்து இன்ஸ்பெக்டர் வேலைக்கு எழுதிப் போடுவியோன்னு பயம்" என்றார். சிரிப்பு வந்தும் வராததுமாக ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இவ்வளவு நேரம் எப்படித்தான் வாயை அடக்கிக்கொண்டிருந்தாரோ, மாமியார் உள்ளேயிருந்து கத்தினார். "அவளும் ராவெல்லாம் பட்டினிடா! ஊரே அவள நோம்புக்காரின்னு கும்புடுது!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிடித்து உலுக்கிக் கேட்கவெல்லாம் அவருக்குத் தெரியாது. என் மணிக்கட்டைத் தொட்டார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப் போயிற்று.

நான்தான் பேசினேன். அதுவரைக்கும் அவரிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி, நாக்கில் வரவே கஷ்டப்பட்டது. "உங்களுக்கு இன்னாங்க வேணும்?"

"அந்த நாலும் எட்டாவது பரீட்ச எழுதறத நான் பாக்கணும்" என்றார். யோசிக்கவே இல்லை, தயாராக வைத்திருந்தார். "அது வரிக்கும் லேட்டாத்தான் வருவேன். நீ பொழுதோட சாப்புடணும். எனக்காவ காத்துக்கினு இருந்தா, நான் அந்தப் பஸ்ஸுல ஏறிடுவேன். அப்புறம் அதுங்க படிப்பு போயிடும்."

நான் எட்டாவதோடு நின்றவள். மூன்று வருஷத்தை எண்ணிப் பார்த்தேன். சரி என்றேன்.

மறுநாள் மலைக்கு மேலே சூரியன் இருக்கும்போதே மாமியார் பக்கத்தில் எனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டேன். எதிரே அவர் மணை காலியாக இருந்தது. அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. இறக்கினேன்.