மாட்டுத்தொட்டியில் ஒரு குழவிக்கல்

டிசம்பர் பிறந்துவிட்டால் என் கணவருக்கு வேறு வேலை கிடையாது. போர்டிகோவில் பிரவுன் பேப்பரைக் கசக்கி மலை செய்வார். தட்டுகளில் ராகி விதைப்பார். கிறிஸ்மஸுக்குள் அது விரலளவு வளர்ந்து குடிலைச் சுற்றிப் புல்லாக நிற்க வேண்டும். மைசூரில் எங்கள் சர்ச் பங்கில் பல வீடுகளில் இப்படித்தான். எங்கள் குடிலுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மாடுகள் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் தசரா கொலு மாடுகள். மாதாவைவிட ஒரு சாண் உயரம். யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

குழந்தை இயேசு என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருப்பார். இருபத்து நாலாம் தேதி சாயங்காலம்தான் வெளியே எடுப்பேன். அதுவரை மாட்டுத்தொட்டி வெறும் வைக்கோலோடு காலியாகக் கிடக்கும். இது காத்திருக்கும் காலம் என்று சிறுவயதிலிருந்தே பிரசங்கம் கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நான் எதற்கும் காத்திருந்ததில்லை. பீரோவில் இருப்பவர் எங்கே போய்விடப் போகிறார்?

அக்கா, ரயில்வே வேலைக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தமிழில் ஆரம்பிப்பதைப் பாதி நேரம் கன்னடத்தில் முடிப்பார்; நாம் 'டி' போடுகிற இடத்தில் அவருக்குக் 'கணே'. அந்த வருஷம் அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். முந்தைய குழந்தை ஏழாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. நாங்கள் இருவரும் ஆபீஸ் போகிறவர்கள் என்பதால், பகலில் எங்கள் ராகிக்குத் தண்ணீர் தெளிப்பது அக்காதான்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், மாட்டுத்தொட்டியில் ஒரு குழவிக்கல். இஞ்சி தட்டுகிற சின்னக் கல். மஞ்சள் துணியைக் கழுத்துவரை சுற்றி, உச்சியில் குங்குமம் வைத்து, ஜம்மென்று படுக்க வைத்திருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாடு கொடுத்தால் மாட்டோடு நிற்க வேண்டாமா? அன்று கேரல் பாடுகிறவர்கள் வேறு வருகிறார்கள். கல்லைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் அவர் வீட்டுக்குப் போனேன்.

"என்னக்கா இது?"

அவர் பதறிப்போய் என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். மகள் அடுத்த அறையில் படுத்திருந்தாள்.

"மெதுவா பேசு, அவ காதுல விழும். காலித் தொட்டில் இருக்கக் கூடாது கணே. நம்ம வீடுகள்ல புள்ளைய போடறதுக்கு முன்னாடி இந்த மாதிரி குண்டுக்கல்லத்தான் தொட்டில்ல போடுவோம். அப்புறம் கல்ல எடுத்துட்டுப் புள்ளைய போடணும்."

"அத உங்க தொட்டில்ல போடுங்கக்கா. இது சாமி குடில்."

"எங்க தொட்டில இன்னும் பரண்லேர்ந்து எறக்கவே இல்ல. போன தடவ சீக்கிரமே எறக்கித் தொடச்சு வெச்சேன். இந்தத் தடவ தொடவே பயமா இருக்கு. தண்ணி ஊத்த வர்றப்பல்லாம் உங்க தொட்டி காலியா கெடக்குது. அதான்."

நான் வாசல் பக்கம் திரும்பினேன். அவர் விடவில்லை.

"உங்க மாதாவுக்கு அது மொதல் பிரசவம்தானே? மொதல் பிரசவத்துக்கு யாராவது புருஷன் ஊருக்குப் போவாங்களா? அம்மா கூட வரலியா? கொழந்தைய யாரு எடுத்தா?"

"குடிக்கணக்கு எடுத்தாங்கக்கா, அவங்கவங்க சொந்த ஊருக்குப் போய்த்தான் ஆகணும்" என்றேன். எத்தனை முறை கேட்ட கதை. இடையர்கள் தெரியும், நட்சத்திரம் தெரியும், மூன்று ராஜாக்கள் தெரியும். தாய்வீடு போக முடியாத ஒரு பெண்ணுக்கு அங்கே நாள் நெருங்கியது என்று மட்டும் நினைத்ததே இல்லை. தண்ணீர் யார் சுட வைத்தார்கள்? அந்த நேரத்தில் கணவர் சூசையப்பர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? பிள்ளை பிறக்கும் என்று வானதூதர் முன்பே சொல்லியிருந்தார், சரி. அந்த ராத்திரி எப்படி விடியும் என்று அவர் சொல்லவில்லையே. நாங்கள் முடிவு தெரிந்துகொண்டு அந்தக் கதைக்குள் போகிறோம். அவர்கள் இரண்டு பேருக்கும் முடிவு தெரியாது. என் முன்னால் நின்ற அக்காவுக்கும் தெரியாது.

கல்லைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தேன். கணவர் முறைத்தார்.

"வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?"

"வாய்க்கு வந்ததச் சொல்லுங்க."

வந்தவர்களில் ஒருவர் கேட்டே விட்டார். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நஞ்சன்கூடு பஸ்ல கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கறதில்லையா, அந்த மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் அடுத்த பாட்டைப் பாடச் சொன்னார்.

இருபத்து நாலாம் தேதி காலையில் அக்காவின் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்காவும் கூடப் போய்விட்டார். சாயங்காலம் வழக்கம்போல் பீரோவைத் திறந்து பாலன் இயேசுவை எடுத்துக்கொண்டு குடில் முன்னால் உட்கார்ந்தேன். கல்லை எடுத்தால்தான் இவருக்கு இடம். பிள்ளை வருமுன் கல்லை எடுக்கக் கூடாது என்பது அக்காவின் நம்பிக்கை, என்னுடையது அல்ல. ஆனாலும் கை போகவில்லை.

"கிறிஸ்மஸ் அன்னைக்குப் பாலன் இல்லாத குடிலா?" என்று கணவர் கேட்டார்.

"அவர் பொறுத்துக்குவார்" என்று சொல்லிவிட்டுப் பாலனைப் பீரோவுக்கே கொண்டுபோனேன். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நள்ளிரவுப் பூசைக்குப் புறப்பட்டார். ஆனால் கேட்டைத் திறக்கப் போனவர் திரும்பி வந்து, கல்லின் மேல் விலகியிருந்த துணியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

கிறிஸ்மஸ் அன்று கேக் சாப்பிட வந்தவர்களெல்லாம் ஒரே கேள்விதான். பாலன் எங்கே? "இன்னும் வரல" என்றேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் முகம் சுளித்தார். போன் அடிக்கும்போதெல்லாம் நான்தான் முதலில் ஓடினேன். எடுத்தால் யாரோ வாழ்த்துச் சொல்வார்கள்.

மறுநாள் மத்தியானம் அக்காவின் போன் வந்தது. அழுகைதான் முதலில் கேட்டது. என்ன அழுகை என்று தெரியவில்லை. "என்னாச்சுக்கா?" என்றேன்.

"கல்ல எடுத்துடு கணே" என்றார். "பொண்ணு. நல்லா சத்தமா அழுதா. கல்ல எடுத்துடு."

போனைக் கையில் பிடித்தபடியே போர்டிகோவுக்கு ஓடி, கல்லை எடுத்தேன். பீரோவிலிருந்து பாலனைக் கொண்டுவந்து வைக்கோலில் கிடத்தினேன். முப்பது வருஷமாக அவரை அங்கே வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் பிறந்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.